ஒரே பெட்டிக்குள் இரண்டு டிஸ்க்

அம்மாடி,

சாப்பாடு அடுப்பு மேல் இருக்கிறது. சுடவைத்துச் சாப்பிடு.

உன் கம்ப்யூட்டர் ஒரு டிஸ்க்கில் இருந்ததை இன்னொன்றில் நகல் எடுத்து முடித்தது. திரையில் நூறு சதவீதம் என்று வந்ததும் அணைத்தேன். ஒரு டிஸ்க் செத்தால் இன்னொன்று இருக்கிறது என்றாய். இரண்டும் ஒரே கம்ப்யூட்டர் பெட்டிக்குள் கிடந்தால், தூக்குகிற திருடன் ஒன்றை உனக்கு விட்டுவிட்டா போவான்? கேட்டதற்கு, “உங்களுக்கு ஒண்ணும் தெரியாது, சும்மா இருங்கப்பா” என்று கத்தினாய். நீ வேலைக்குப் போகிறவரை சும்மாதான் இருந்தேன். அப்புறம் ஒன்றைக் கழற்றி என் டிரங்குப் பெட்டியில் பூட்டிவிட்டேன்.

நான் அத்தை வீட்டுக்குப் போகிறேன்.

பின்குறிப்பு: கம்ப்யூட்டரைப் போட்டுப் பார்த்தேன், திறக்க மாட்டேன் என்கிறது. அசலைக் கழற்றிவிட்டேன் போல. எது எது என்று நீ எழுதி ஒட்டியிருக்க வேண்டும். நாளைக் காலை நீ ஆபீசில் கொடுக்க வேண்டிய வரைபடம் அதில்தானே இருக்கிறது! டிரங்குச் சாவி என்னிடம் இருக்கிறது. அத்தை வீட்டுக்கு வந்து, “நீங்க சொன்னது சரிதாம்பா” என்று ஒரு வார்த்தை சொல்லிவிட்டு வாங்கிக்கொண்டு போ.