கண்பட்ட செவலை

முருகன் துணை

மேலக்குடி,
ஈசுவர வருஷம், ஆடி மாதம்

பினாங்கிலிருக்கும் மாப்பிள்ளை செல்லமுத்து அவர்களுக்கு மாமனார் ஆத்மநாதன் எழுதுவது. இங்கே மனிதர்கள் சுகம். மாடுகளைப் பற்றித்தான் எழுத வேண்டியிருக்கிறது.

போன வாரம் செவலைக் காளையைத் திருமயம் மாட்டாஸ்பத்திரிக்கு ஓட்டிப்போனேன். திருஷ்டி கழியட்டும் என்று அதன் கழுத்தில் மிளகாய்ச் சரமும் என் பிய்ந்த செருப்பும் கட்டி, நெற்றியில் கரிப்பொட்டு வைத்திருந்தேன். கடைவீதியில் ஒருவன், "என்ன மாமா, மாப்பிள்ளை அழைப்பா?" என்றான். டாக்டர் மாட்டைப் பார்க்குமுன் செருப்பைப் பார்த்தார். பிறகு என் காலைப் பார்த்தார். மற்றச் செருப்பு என் இடது காலில் இருந்தது. வலது கால் வெறுங்கால்.

நடந்ததைச் சொல்லிவிடுகிறேன். என் மகள் உண்ணாமலையின் வளைகாப்புக்கு நாள் பேச ஆனியில் உங்கள் தாயார் வந்திருந்தார்கள். தொழுவத்துப் பக்கம் போய்ச் செவலையைத் தடவிக்கொடுத்து, "மை எழுதினாப்புலல்ல இருக்கு இதோட கண்ணு" என்று மெச்சினார்கள். இரண்டொரு நாளில் ஒரு கண்ணில் நீர் வழிந்தது. வெயில் பட்டால் மூடிக்கொண்டது. பிறகு பீளை கட்டி, கருவிழியில் வெள்ளையாகப் பூ விழுந்தது.

கிணற்றடியில் ஊர்க்காரர்கள் விசாரித்தார்கள். சும்மா இருந்திருக்கலாம். "எங்க சம்பந்தியம்மா ஒரு பார்வ பாத்தாங்க. மலையா இருந்தா வெடிச்சிருக்கும், மாடுங்கிறதால பூவோட போச்சு" என்றேன். எல்லாரும் சிரித்தார்கள். அந்தச் சிரிப்பு ருசித்துப்போய்ச் சந்தையிலும் சொன்னேன். நார்த்தாமலையில் உங்கள் தாயார் காதுக்கு அந்தப் பேச்சு பஸ் ஏறாமலே போய்ச் சேர்ந்துவிட்டது.

என் வைத்தியத்தையும் கேளுங்கள். தோளில் கிடக்கும் துண்டால் செவலையின் கண்ணைத் துடைப்பேன். அதே துண்டால் மயிலைப் பசுவுக்கும் அதன் கன்றுக்கும் முகம் துடைத்துவிடுவேன். பாசம். பசுவுக்கும் கண்நோய் வந்தது, கன்றுக்கும் வந்தது. அப்போதும் உங்கள் தாயாரைத்தான் நினைத்தேன். அவர்கள் கன்றின் பக்கம் திரும்பக்கூட இல்லை என்பது எனக்கு உறைக்கவில்லை.

டாக்டர்தான் விளக்கினார். இது கிருமியால் வருவதாம். புழுதியோ வைக்கோல் நுனியோ கண்ணை உறுத்திப் புண்ணாக்கினால் அது சுலபமாகப் பிடித்துக்கொள்ளுமாம். ஒரு மாட்டின் பீளையில் உட்கார்ந்த ஈ அடுத்த மாட்டின் கண்ணில் கொண்டுபோய் வைக்குமாம். "ஈ கூட ஒன்னு ரெண்ட விட்டுரும். ஒங்க துண்டு ஒன்னையும் விடல" என்றார். போரிக் தண்ணீரில் கழுவிக் களிம்பு போட்டார். இப்போது மாடுகளைத் தள்ளித் தள்ளிக் கட்டி, ஒவ்வொன்றுக்கும் தனித் துணி வைத்திருக்கிறேன். பசுவும் கன்றும் தேறிவிட்டன. செவலைக்கு அந்தக் கண் போனது போனதுதான். ஏரில் பூட்டினால் ஒரு பக்கமாகவே இழுக்கிறது.

இதற்குள் உங்கள் தாயாரிடமிருந்து சேதி வந்தது: "கொள்ளிக்கண்ணுக்காரியோட பேரப்புள்ள இந்த வீட்டுலயே பொறக்கட்டும். தலப்பிரசவத்துக்கு உண்ணாமலைய அங்கிட்டு அனுப்புறதா இல்ல."

நேற்று வெற்றிலை பாக்கு, பழத்தோடு நார்த்தாமலைக்குப் போனேன். உட்காரச் சொல்லி மோர் கொடுத்தார்கள். பெரிய மனசு. நான் ஈயைப் பற்றிச் சொன்னேன், துண்டைப் பற்றிச் சொன்னேன், வாய்த்துடுக்கை மனதில் வைத்துக்கொள்ள வேண்டாம் என்றும் கேட்டுக்கொண்டேன். முகம் கொஞ்சம் இளகியது. "ஒங்களுக்கு எல்லாமே வெளையாட்டுத்தானண்ணே. அவளக் கூட்டிக்கிட்டுப் போயே தீரணும்னு நிக்கிறீங்களே, என்னத்துக்கு? அதச் சொல்லுங்க" என்றார்கள்.

சொல்ல வேண்டிய இடம் அதுதான். நானோ, "ஒத்தக்கண்ணு மாட்டப் பாத்துக்க வீட்டுல ஆளு வேணாமா?" என்றேன். அவர்கள் சொம்பை எடுத்துக்கொண்டு உள்ளே போய்விட்டார்கள். கதவோரம் நின்றிருந்த உண்ணாமலைகூடச் சிரிக்கவில்லை.

என் அக்கா அழகம்மாள் வீட்டோடு இருக்கிறாள், பிரசவம் பார்த்துப் பழகிய கை. நீங்கள் தாயாருக்கு ஒரு வரி எழுதினால் மனம் இரங்குவார்கள். கடல் தாண்டி இருக்கும் உங்களைப் பழனியாண்டவன் நோயில்லாமல் காக்கட்டும். பிறக்கப்போகும் உயிரும் பெறப்போகும் உயிரும் நன்றாக இருக்கட்டும்.

உண்ணாமலையைப் பெற்ற அன்றைக்குத்தான் அவள் ஆத்தா போய்ச் சேர்ந்தாள் என்பது உங்களுக்குத் தெரியும். உங்கள் தாயார் என்னத்துக்கு என்று கேட்டபோது, என் வாய்வரைக்கும் வந்து நின்றது இவ்வளவுதான், மாப்பிள்ளை: எனக்குப் பயமா இருக்கும்மா.

இப்படிக்கு,
ஆத்மநாதன்