உறைமேல் முகவரி

திருவள்ளூர்
20.1.2025

அன்புள்ள கிரேஸ் அம்மாவுக்கு,

நலம். நீங்களும் வீட்டில் அனைவரும் நலமாக இருக்க வேண்டும். என் பெயர் ஜோதிலட்சுமி. சிறார் இல்லத்தில் உங்கள் மகன் பென்னிக்குத் தமிழ் எடுக்கிறேன். போனில் நான்கு முறை அழைத்துப் பார்த்தேன். நான்கு முறையும் உங்கள் மூத்த மகன் பீட்டர் எடுத்து, "அம்மா ஷிப்டுக்குப் போய்க்கிறாங்க மேடம்" என்றார். இருபத்துநாலு மணி நேரமுமா ஷிப்டு என்று கேட்க வாய் வரை வந்தது, அடக்கிக்கொண்டேன். அதனால்தான் இந்தக் கடிதம்.

முதலில் நல்ல செய்தி. பென்னி மார்ச்சில் பத்தாம் வகுப்புத் தேர்வு எழுதப் போகிறான். எங்கள் வகுப்பில் சில பழக்கங்கள் உண்டு. என்ன செய்துவிட்டு இங்கே வந்தாய் என்று யாரையும் கேட்பதில்லை. பிள்ளைகளின் முதுகுக்குப் பின்னால் போய் நிற்பதில்லை. கதவைச் சாத்தினால்கூட, "சாத்தப் போறேன்" என்று சொல்லிவிட்டுத்தான் சாத்துவேன். சொன்னதைச் செய்ய வேண்டும், சொல்லாததைச் செய்யக் கூடாது. மிரண்டுபோய் வந்த பிள்ளைகளுக்கு, அடுத்து என்ன நடக்கும் என்று தெரிந்தால்தான் பாடம் மண்டையில் ஏறும். உங்கள் பிள்ளை ஆறு மாதம் சுவரோரமாகவே உட்கார்ந்து, வெறும் தாளைத்தான் திருப்பிக் கொடுத்தான். மார்க் போடும் வேலையை எனக்கு வைக்கவே இல்லை.

இந்த மாதம் எட்டாம் தேதி, கடிதம் எழுதும் பயிற்சி கொடுத்தேன். 'ஊருக்கு வர இயலாத காரணத்தைக் கூறி அம்மாவுக்குக் கடிதம் எழுதுக.' "உள்ளே இருப்பதை நான் படிக்க மாட்டேன், உறைமேல் முகவரிக்கு மட்டும் மார்க்" என்று சொல்லியிருந்தேன். பென்னி இரண்டு பக்கம் எழுதி, உறைக்குள் வைத்து ஒட்டி, பின்கோடு வரை ஒரு பிழையில்லாமல் முகவரி எழுதினான். எனக்குத் தலைகால் புரியவில்லை. உறையின் மூலையில் சிவப்பு மையால் முழு மார்க் போட்டேன். அதோடு நிறுத்தியிருக்கலாம். ஆபீஸ் வழியாகப் போக வேண்டியதை, கைப்பையில் இருந்த ஸ்டாம்பை ஒட்டி நானே தபாலில் போட்டுவிட்டேன். மறுநாள் அவனிடம் பெருமையாகச் சொல்லவும் செய்தேன்.

அவன் முகம் செத்துப்போய்விட்டது. அன்றிலிருந்து ஒரு வார்த்தை பேசவில்லை. பொங்கலுக்குக் கொடுத்த கரும்பைக்கூடத் தொடவில்லை. எனக்கு ஒன்றும் விளங்கவில்லை அம்மா. கடிதம் வந்ததா? என்ன எழுதியிருந்தான் என்று கேட்கவில்லை. அவனுக்கு நாலு வரி பதில் போடுங்கள், போதும். என் வீட்டு முகவரிக்கே அனுப்பலாம்.

அன்புடன்,
ஜோதிலட்சுமி


கும்மிடிப்பூண்டி
27.1.2025

கர்த்தருக்குள் அன்பான டீச்சரம்மாவுக்கு, கிரேஸ் ஸ்தோத்திரம் சொல்லி எழுதுவது.

நான் எட்டாவது வரைதான் படித்தேன். பிழை இருந்தால் மார்க்கைக் குறைத்துக்கொள்ளுங்கள், கோபிக்காதீர்கள்.

நீங்கள் சொல்லும் கடிதம் எதுவும் எங்களுக்கு வரவில்லை. எங்கள் தெருவுக்குத் தபால்காரர் வருவதே பெரிய விஷயம். வேறு வீட்டில் கொடுத்திருப்பார். பென்னி சின்ன வயதிலிருந்தே அழுத்தக்காரன். யார் மேல் கோபம் வந்தாலும் சோற்றோடுதான் சண்டை போடுவான். இரண்டு நாளில் சரியாகிவிடும், நீங்கள் மனதில் போட்டுக்கொள்ள வேண்டாம்.

இங்கே பீட்டருக்கு ஸ்டீல் கம்பெனியில் வேலை நிரந்தரமாகிவிட்டது. மீஞ்சூரில் ஜெனிபர் என்று ஒரு பெண் பார்த்திருக்கிறோம். மே மாதம் கல்யாணம். நான் பேக்கிங்கில் கான்டிராக்ட் ஆள். நின்றே வேலை செய்வதால் கால் இரண்டும் வீங்கிப்போகிறது. சனி, ஞாயிறிலும் கூப்பிட்டுவிடுகிறார்கள். அதனால்தான் பிள்ளையைப் பார்க்க வர முடியவில்லை. கல்நெஞ்சுக்காரி என்று நினைத்துவிடாதீர்கள்.

ஒன்று மட்டும் கேட்கிறேன். அந்தக் கடிதத்தை நீங்கள் படிக்கவில்லைதானே? ஆபீசில் யாரும் பிரிக்கவில்லைதானே? இனி அவன் ஏதாவது எழுதினால் அனுப்ப வேண்டாம், நீங்களே வைத்திருங்கள். அவன் குழப்பத்தில் எதையாவது எழுதுவான்.

கிரேஸ்


திருவள்ளூர்
3.2.2025

அன்புள்ள கிரேஸ் அம்மாவுக்கு,

உங்கள் கடிதம் கிடைத்த மறுநாளே பென்னியிடம், "உன் லெட்டர் வீட்டுக்குப் போய்ச் சேரலையாம்" என்று சொன்னேன். "நெசமாவா மிஸ்?" என்றான். இருபது நாளுக்குப் பிறகு அவன் குரலைக் கேட்டேன். சிரித்தான். மதியம் இரண்டாவது முறை சோறு கேட்டு வாங்கினானாம். அம்மாவுக்கு எழுதிய கடிதம் தொலைந்ததற்கு இப்படிச் சந்தோஷப்படும் பிள்ளையை நான் பார்த்ததில்லை.

பிறகு என் மேசைக்கு வந்து, "பாடம்னு சொன்னீங்கோ மிஸ், அதான் எழுதினேன். அனுப்புவீங்கன்னு தெரிஞ்சா எழுதிருக்கவே மாட்டேன்" என்றான். சொல்லாததைச் செய்துவிட்டேன், என் தப்புதான் என்று வகுப்பு முழுவதும் கேட்க மன்னிப்புக் கேட்டேன். அவன், "பரவால்ல மிஸ். போய்ச் சேந்திருந்தா எங்கம்மா இந்நேரம் வேலையெல்லாம் வுட்டுட்டு ஓடியாந்திருக்கும்" என்றான். அதில் அவனுக்குத் துளிகூடச் சந்தேகம் இல்லை.

நேற்று ஞாயிற்றுக்கிழமை, முகவரி குறித்துக்கொள்ள உங்கள் உறையை எடுத்தேன். ஒட்டிய இடம் விட்டு விரிந்துகொண்டது. உள்பக்கத்தில் பென்னியின் கையெழுத்து. நான் ஒட்டிய ஸ்டாம்பு. மூலையில் என் சிவப்பு மார்க்.

உங்கள் மேல் கோபமில்லை, நான் மட்டும் ஒழுங்கா? ஆனால் இப்போது நான் அவனிடம் பொய் சொன்னவள் ஆகிவிட்டேன். அந்த வகுப்பில் எனக்கென்று இருந்தது ஒன்றே ஒன்றுதான், மிஸ் பொய் சொல்ல மாட்டார் என்பது. உண்மையைச் சொன்னால், படித்தும் அம்மா வரவில்லை என்று அவனுக்குத் தெரிந்துவிடும். சொல்லாவிட்டால் நான் எப்படி அவன் முன்னால் நிற்பேன்? எது சரி என்று எனக்குத் தெரியவில்லை.

பதினைந்தாம் தேதி சனிக்கிழமை வரை பொறுக்கிறேன். அதற்குள் நீங்களே வந்து சொல்லிவிட்டால் நல்லது. இருபதாம் தேதி அவன் வழக்கு இளைஞர் நீதிக் குழுமத்தில் விசாரணைக்கு வருகிறது.

அன்புடன்,
ஜோதிலட்சுமி


கும்மிடிப்பூண்டி
10.2.2025

டீச்சரம்மாவுக்கு,

பென்னியின் கடிதம் வந்தது. என் கையில்தான் கொடுத்தார்கள். வந்த உறையைப் பிரித்து, உள்பக்கம் வெளியே வரத் திருப்பி, சோற்றுப் பருக்கை வைத்து ஒட்டி அனுப்புவது எங்கள் வீட்டுப் பழக்கம். கை தானாகச் செய்துவிட்டது. எனக்குப் பொய்கூட ஒழுங்காகச் சொல்ல வரவில்லை.

நீங்கள் கேட்கவில்லை, நானே சொல்கிறேன். பூட்டிக் கிடந்த கம்பெனியில் காப்பர் ஒயர் எடுக்கப் போனது பீட்டர். தடுத்த வாட்ச்மேன் சுப்பராயனைத் தள்ளியதும் பீட்டர். அவருக்கு இடுப்பெலும்பு உடைந்துபோனது. ஆள் முகம் அவருக்குத் தெரியவில்லை. ஓடிய பையன் எங்கள் வீட்டுக்குள் நுழைந்ததை யாரோ பார்த்துச் சொல்லி போலீஸ் வந்தது. பீட்டரின் வேலை நிரந்தரமாகப் போகிற சமயம். பென்னிக்குப் பதினாறு வயது. நான்தான் அவன் கையைப் பிடித்துக்கொண்டு, "நீ சின்னப் புள்ள நைனா. உன்ன ஜெயில்ல போட மாட்டாங்கோ, ஆறு மாசத்துல ஊட்டுக்கு வந்துருவே. நான்தான் தள்ளினேன்னு தெகிரியமா சொல்லிடு" என்றேன். "சரிம்மா" என்றான். வேறு எதுவும் கேட்கவில்லை. ஒரு வருஷத்துக்கு மேல் ஆகிவிட்டது.

கடிதத்தில் என்னைத் திட்டி ஒரு வார்த்தை இல்லை. திட்டியிருந்தால் தாங்கியிருப்பேன். அவன் எழுதியது இதுதான்: "போலீசுல சொன்னேன், ஆபீசுல சொன்னேன், கவுன்சிலிங்ல சொன்னேன். சொல்லிச் சொல்லி இப்போ கனவுல நான்தான் அந்தத் தாத்தாவத் தள்ளிக்கினு இருக்கிறேன். அவரு சட்டை என் கையில பட்டது ஞாபகம் வருது. நான் தள்ளினேனா இல்லையாம்மா? உனக்குத்தான் தெரியும்."

இதற்குத்தான் ஒரு மாதமாகப் பதில் எழுதாமல் இருந்தேன். முழங்கால் போட்டால் ஜெபம் வரவில்லை. ஒருவன் வெளியே வந்தால் இன்னொருவன் உள்ளே போவான். இருவரையும் நான்தான் பெற்றேன். யாருக்கு அம்மாவாக இருப்பது என்று இன்றைக்கும் எனக்குப் புரியவில்லை. ஆனால் அவன் கேட்டதற்குப் பதில் எனக்குத் தெரியும்.

பீட்டரிடம் இன்னும் சொல்லவில்லை. இதைத் தபால் பெட்டியில் போட்டுவிட்டு வந்துதான் சொல்வேன். முதலில் சொன்னால், அவன் முகத்தைப் பார்த்துவிட்டுப் போடாமல் இருந்துவிடுவேன். சனிக்கிழமை வருகிறேன். இருபதாம் தேதி குழுமத்துக்கும் வருகிறேன்.

பென்னிக்கு எழுதியதைப் புது உறையில் வைத்திருக்கிறேன். ஒட்டவில்லை. நீங்கள் படிக்கலாம். குழுமத்திலும் காட்டலாம்.

கிரேஸ்


என் பென்னிக்கு,

நீ தள்ளவில்லை.

அன்றைக்கு உனக்குக் காய்ச்சல். ரசம் சோறு வேண்டாம் என்று அடம்பிடித்துவிட்டு, என் பக்கத்திலேயே படுத்துத் தூங்கிப்போனாய். அண்ணன் மூச்சு வாங்க உள்ளே ஓடிவந்தபோது நான் எழுந்திருக்கப் பார்த்தேன், முடியவில்லை. நீ என் முந்தானையைக் கையில் சுற்றிப் பிடித்துக்கொண்டிருந்தாய்.

உன் கை அங்கேதான் இருந்தது.

அம்மா