பஸ் ஏறும்போது சொன்ன வாக்கியம்

சிங்கப்பூர்,
9 மார்ச் 2024

அன்புள்ள முக்,

நலமா? அம்மா நலமா? என்னை நினைவிருக்கிறதா? பதினாறு வயதில், வடதாய்லாந்து மலையில் உங்கள் ஊர்ப் பள்ளிக்குப் பெயின்ட் அடிக்க வந்து, உங்கள் வீட்டில் மூன்று வாரம் தங்கி, சுவரைவிடத் தலையில் அதிகம் பூசிக்கொண்ட பெய் ஷான். உனக்கு அப்போது பதின்மூன்று. ஒட்டுச்சோற்றை விரலில் ஒட்டாமல் உருட்டக் கற்றுத் தந்தவள் நீதான். எங்கள் தெருவில் சாப்பாட்டுக் கடை நடத்தும் உன் நாட்டுக்காரி பிம்ஜாய் அக்கா, நான் சொல்லச் சொல்ல இதை எழுதுகிறாள்.

ஒரு விஷயம் இத்தனை வருடமாக என்னைக் குடைகிறது. கிளம்பும்போது பஸ் படியில் நின்று, மனப்பாடம் செய்த ஒரு வாக்கியத்தை உன் மொழியில் சொன்னேன். சோகமான வாக்கியம். என்னோடு வந்தவர்கள் எல்லோரும் அழுதார்கள். நீ மட்டும் கைகொட்டிக் குதித்தாய்! ஏன்? நான் தொலைந்தால் போதும் என்றிருந்ததா?

ஜூனில் நண்பர்களோடு வந்து பள்ளிக்கு மறுபடி பெயின்ட் அடிக்கலாமா?

அன்புடன்,
பெய் ஷான்


2 ஏப்ரல்

பெய் ஷான் அக்காவுக்கு,

நலம். அம்மாவும் நலம். பிள்ளைகள் இல்லாமல் பள்ளியை மூடிவிட்டார்கள். ஆகவே நீங்கள் பெயின்ட் டப்பாவோடு வர வேண்டியதில்லை.

குதிக்காமல் என்ன செய்வேன்? "என் வீடு ரொம்பப் பக்கம், முக்" என்று சொன்னது யார்? சனிக்கிழமைதோறும் பஸ் நிற்கும் இடத்துக்குப் போனேன். சோங்க்ரான் புத்தாண்டுக்குக்கூட மாமா வீட்டுக்குப் போகவில்லை. "உன் அக்கா என்ன தவழ்ந்தா வர்றா? அவ பங்குச் சோறு காஞ்சு போச்சுடி" என்று அம்மா கிண்டல் செய்வாள். பிறகு ஆசிரியர் வரைபடத்தில் சிங்கப்பூரைக் காட்டினார். அன்று முழுக்க அழுதேன். அதற்குப்பின் தொண்டு செய்ய வந்த எந்தப் பிள்ளையையும் எங்கள் வீட்டில் தங்க நான் விட்டதில்லை.

ஏன் பொய் சொன்னீர்கள்? அதை மட்டும் எழுதுங்கள்.

முக்


20 ஏப்ரல்

என் முக்,

உன் கடிதத்தைப் படித்துக் காட்டிவிட்டு, "அந்த வாக்கியத்தச் சொல்லு பாப்போம்" என்றாள் பிம்ஜாய் அக்கா. சொன்னேன். கரண்டியைப் போட்டுவிட்டுச் சிரித்தாள்.

"அடிப்பாவி! 'கிலாய்'னு குரலைச் சமமா விட்டாத்தான் தூரம். நீ இறக்குறியே, அது பக்கம்! தூரம்னு அழப்போயி, பக்கத்துல இருக்கேன்னு அந்தப் புள்ளைகிட்ட சொல்லிட்டு வந்திருக்க!"

"என் வீடு ரொம்பத் தூரம், முக்" என்றுதான் சொல்ல நினைத்தேன். எனக்குச் சிரிப்பு வரவில்லை. நீ பஸ்ஸுக்காக நின்றதை நினைத்துக் கடையிலேயே அழுதேன். பெயின்ட் வேண்டாம், நண்பர்கள் வேண்டாம். நான் மட்டும் வரட்டுமா?

உன் பெய் ஷான்


8 மே

அக்கா,

அம்மாவிடம் படித்துக் காட்டினேன். "ஒரு சொல்லை ஒழுங்கா சொல்லத் தெரியாதவ மேலயாடி இத்தனை வருஷம் மூஞ்சியத் தூக்கி வச்சிருந்த?" என்று திட்டு எனக்குத்தான் விழுந்தது. எனக்குச் சிரிப்பும் வந்தது, ஆத்திரமும் வந்தது.

வா. உன்னைப் பொய்க்காரி என்று ஊர் முழுக்கச் சொல்லி வைத்திருக்கிறேன். இறங்கியதும் எல்லார் முன்னாலும் அந்த வாக்கியத்தை நீயே சொல்லிக் காட்டு.

பிம்ஜாய் அக்காவிடம் உச்சரிப்பைத் திருத்திக்கொண்டு வந்துவிடாதே. தப்பாகவே சொல்.

உன் முக்