பூசாமல் விட்ட இடம்

ஜனவரி 9

அன்புள்ள தண்ணிக்கு,

பெரிய பாலத்தை வெள்ளம் இழுத்துப்போனதே, சினிமாக் கொட்டகைக் கூரை எரிந்ததே, பள்ளிக்கூடத்து மணியை எவனோ திருடிப்போனானே, அந்த வருஷம்தான் நீ என் வீட்டுக்காரியை உன் தண்ணீர் வண்ணத்தில் படம் வரைந்தாய். எனக்கு எழுத்துதான் தெரியாது. மண்டைக்குள் எல்லாம் அப்படியே இருக்கிறது. சொல்லச் சொல்ல மருமகள் எழுதுகிறாள்.

விஷயம் இதுதான். படம் வெளுக்கிறது. முதலில் புடவையின் நீலம் போனது. இப்போது கன்னம் போகிறது. போட்டோ என்றாலே முகத்தை மூடிக்கொண்டவள் அவள். அவள் முகம் என்று மிச்சம் இருப்பது அது ஒன்றுதான். வாத்தியார் சாக்பீஸில் எழுதிக் கொடுக்க, நான் கடை போர்டுகளுக்குப் பெயின்ட் நிரப்பிய காலத்தில், எழுத்து வெளுத்தால் மேலேயே இன்னொரு கோட் அடிப்பேன். அப்படி நீ வந்து ஒரு கோட் போட்டுக் கொடு. "நானே எனாமல்ல அடிச்சுத் தர்றேம்பா"ன்னு மகன் துடிக்கிறான். தடுத்து வைத்திருக்கிறேன்.

உன்
போர்டு
(கைநாட்டு)


ஜனவரி 27

அடேய் போர்டு,

முதலில் மகன் கையிலிருந்து பிரஷ்ஷைப் பிடுங்கு.

உன் பெயின்ட் மூடும். என்னுடையது மூடாது. வெளிச்சம் வண்ணத்துக்குள் புகுந்து, அடியில் இருக்கும் காகிதத்தைத் தொட்டுவிட்டுத் திரும்பி வருகிறது. அதனால்தான் அவள் முகத்துக்கு உள்ளே யாரோ விளக்கு வைத்ததுபோல் இருக்கும். மேலே இன்னொரு கோட் போட்டால் வழி அடைபட்டுவிடும். அப்புறம் முகம் இல்லை, சேறு. அதோடு, அன்றைக்கு அமைந்ததில் பாதிதான் என் கை. மீதியைத் தண்ணீர் அதன் இஷ்டத்துக்குச் செய்தது. அதைத் திரும்பச் செய்யச் சொல்லி யாரைக் கேட்பது?

வெளிச்சம்தான் அவளைத் தின்கிறது. கழற்றி பீரோவில் வை. இருட்டில் நம்மை விட அதிக காலம் இருப்பாள்.

எனக்குக் கண் மங்கிவிட்டது, வர முடியாது. கடிதங்களை மகள்தான் படித்துக் காட்டுகிறாள். மருந்து விஷயத்தில் அவள் அம்மாவை விடக் கறார். கோபித்துக்கொள்ளாதே.

தண்ணி


பிப்ரவரி 20

அன்புள்ள தண்ணிக்கு,

நீ சொன்னபடி போர்வைகளுக்கு நடுவில் வைத்தேன். அன்றிலிருந்து மத்தியானம் கண் அசந்தால் போதும், பீரோவுக்குள் தண்ணீர் அலம்பும் சத்தம். ஒரு நாள் கதவிடுக்கு வழியாக நீலமாகக் கசிந்து, தரையெல்லாம் பரவி, கட்டில் காலை நனைத்தது. "என்னங்க, இங்க ஒரே இருட்டா இருக்கே" என்றாள். எழுந்து பார்த்தால் தரை காய்ந்துதான் கிடக்கிறது. படத்தை எடுத்துப் பழைய ஆணியிலேயே மாட்டிவிட்டேன். பார்க்காமல் காப்பாற்றி நான் என்ன செய்ய? கரைந்தால் கரையட்டும். நான் பார்க்கப் பார்க்கக் கரையட்டும்.

அந்த நாள் உனக்கு ஞாபகம் இருக்கிறதா? உன் கைக்குழந்தையை அவள் மடியில் வைத்திருந்தாள். எல்லாம் வரைந்துவிட்டாய், குழந்தை மட்டும் வெறுங்காகிதமாகக் கிடந்தது.

"குழந்தைய விட்டுட்டியேடா! இந்தா, வெள்ளை" என்று டப்பாவைத் திறந்தேன்.

"தொட்டே, கொன்னுடுவேன்! என் பெட்டியில வெள்ளையே கிடையாதுடா. காகிதம்தான் வெள்ளை. பூசாம விடுறதுதான் வேலையே!"

"பூசாம விடுறதுக்கு உனக்குக் கூலி வேறயா?" என்றேன்.

"இவருக்கு ஊர்ல ஒரு செவுரு சும்மா இருக்கக் கூடாது" என்று அவள் சிரித்தாள். ஈரம் காய்வதற்குள் அந்தச் சிரிப்பை நீ உதட்டில் இறக்கிவிட்டாய்.

அந்தச் சிரிப்பு போவதற்குள் வேறொரு காகிதத்தில் அவளை வரைந்து அனுப்பு. கண் வேண்டாம். மனசில் இருப்பதை வரை.

போர்டு
(கைநாட்டு)


ஏப்ரல் 2

அன்புள்ள பெரியப்பாவுக்கு,

அப்பா ஞாயிற்றுக்கிழமை காலையில் போய்விட்டார். கஷ்டப்படவில்லை.

உங்கள் கடிதத்தைப் படித்துக் காட்டிய நாள் முதல், தினமும் காகிதத்தை நனைத்து முன்னால் வைத்துக்கொண்டு ஜன்னலோரம் உட்காருவார். "ஆரம்பிங்கப்பா" என்றால், "இரும்மா, அவ இன்னும் சிரிக்கல" என்பார். அதற்குள் காகிதம் காய்ந்துவிடும். மறுநாள் மறுபடி நனைப்பார். ஒரு கோடுகூட விழவில்லை. உங்களுக்கு அனுப்ப என்னிடம் எதுவும் இல்லை, மன்னித்துவிடுங்கள்.

அந்தப் படத்தை நான் பார்த்ததே இல்லை. ஒரு முறை பார்க்க வேண்டும்போல் இருக்கிறது. இதை எழுதவே தயக்கமாக இருக்கிறது.

உங்கள் மகள்


ஏப்ரல் 19

அன்பு மகளே,

மருமகள் உன் கடிதத்தை நேற்றுதான் முழுசாகப் படித்தாள். வந்த அன்றைக்கு முதல் வரியிலேயே நிறுத்தச் சொல்லிவிட்டேன்.

படத்தை மகனிடம் கொடுத்தனுப்புகிறேன். திருப்பி அனுப்பாதே. பிரித்ததும் ஏமாந்துபோகவும் செய்யாதே. பெரியம்மாவின் புடவை போய்விட்டது. சிரிப்பும் இந்தக் கோடையோடு போய்விட்டது. அது இருந்த இடம் எனக்குத் தெரியும், இன்னொருவருக்குத் தெரியாது. நடுவில், அவள் மடியில், நீ மட்டும் பளிச்சென்று இருக்கிறாய். பூசினால்தானே வெளுக்கும். பீரோவில் வைக்காதே, வெளிச்சம் விழுகிற சுவரில் மாட்டு.

பெரியப்பா
(கைநாட்டு)

பி.கு: கைநாட்டு வைத்த பிறகு தோன்றியது, மருமகளிடம் சொல்லி எழுதச் சொல்கிறேன். அன்று அந்த அறையில் சிரித்தவள் போனாள். கதவோரம் நின்று பார்த்த உன் அம்மா போனாள். வரைந்தவன் போனான். தொந்தரவு பண்ணியவனும் செருப்பைத் தேடிக்கொண்டிருக்கிறான். மிச்சம் நீ ஒருத்திதான்.