கட்டிலுக்கு மேலே ஒரு சாட்சி

டிசம்பர் 22, 1996, ஞாயிறு

காலையிலிருந்து ரேடியோவில் கிறிஸ்துமஸ் லாட்டரி எண்களைப் பாடிக்கொண்டே இருந்தார்கள். எங்கள் எண் வரவில்லை. அதற்குப் பதிலாக லாயா வந்தாள்.

லாயா என் பெரியம்மா மகள். பார்சிலோனா. பதினாறு வயது, என்னைவிட ஒரு வருஷம் பெரியவள், பேச்சைப் பார்த்தால் பத்து வருஷம். பெரியம்மா கடையில் பண்டிகை வியாபாரமாம், அதனால் ஜனவரி 6, ராஜாக்கள் திருநாள் முடியும்வரை இங்கேதான். என் கட்டிலை அவளுக்குக் கொடுத்துவிட்டார்கள். எனக்குச் சமையலறை பெஞ்சு. என்னிடம் யாரும் கேட்கவில்லை.

பாறைக்கு அடியில் குடைந்து கட்டிய எங்கள் வீட்டில் என் அறைதான் கடைசி. ஜன்னல் கிடையாது, மூன்று பக்கமும் மேலேயும் பாறை. அந்தக் காலத்தில் கழுதையைக் கட்டிய இடம். ஆக, லாயாவுக்கு லாயம். (இதை அவளிடமே சொன்னேன். சிரிக்கவில்லை.)

தலைக்கும் பாறைக்கும் நடுவே இரண்டு முழம் இருக்கிறது. அப்படியும் குனிந்துகொண்டே நுழைந்தாள்.

"இது விழாதா?"

"விழும். ஆனா விருந்தாளி இருக்கும்போது விழாது. மரியாதை தெரிஞ்ச பாறை."

டிசம்பர் 24, செவ்வாய்

"கட்டிலுக்கு மேல அந்த வெள்ளைப் பட்டை என்ன?" என்று கேட்டாள். அதுதான் சாட்சி என்றேன். முழித்தாள். நகரத்துக்காரர்களுக்கு எல்லாவற்றையும் விளக்க வேண்டியிருக்கிறது.

பாறையில் ஒரு விரிசல். நகக்கனம்தான். நான் பிறப்பதற்கு முன்பே இருந்தது. அதன் குறுக்கே உள்ளங்கை நீளத்துக்குச் சுவர்ப்பூச்சுப் பிளாஸ்டரில் ஒரு பட்டை, ஈரத்திலேயே ஆணியால் கீறிய தேதி: 11-3-89. பாறை அசைந்தால் முதலில் பிளாஸ்டர் உடையும். அவ்வளவுதான். தெருவில் எல்லா வீட்டிலும் உண்டு. அம்மா காலையில் காபிக் கோப்பையோடு வந்து முதலில் அதைப் பார்ப்பாள், அப்புறம்தான் என் முகத்தை. எட்டு வருஷமாக நான் இரண்டாவது.

"யார் ஒட்டுறது?"

காஸ்பர் மாமா. நகராட்சிக் கொத்தனார். போன வருஷம் அப்பாவிகள் தினத்தன்று (டிசம்பர் 28, ஊரே ஊரை ஏமாற்றும் நாள்) அவர் முதுகில் நான் ஒட்டிய காகிதப் பொம்மையோடு ஒரு சாவு வீட்டுக்குப் போய்விட்டார். அன்றிலிருந்து என்னோடு பேச்சில்லை.

டிசம்பர் 26, வியாழன்

மழை. ஆலிவ் பறிக்க முடியாமல் அப்பா வீட்டில். மூன்றாவது நாளாக ரொட்டித்தூள் வறுவல். மழை நிற்கும்வரை வேறு எதுவும் சமைக்கக் கூடாது என்று சட்டமா?

லாயா தலையணையில் மணல் என்று கத்தினாள். "பாறைக்குப் பொடுகு" என்றேன். அப்பா சிரித்தார். அவள் இல்லை.

டிசம்பர் 28, சனி — அப்பாவிகள் தினம்!

நான் மேதை.

லாயா குளிக்கப் போன நேரத்தில் கட்டிலில் ஏறி, பென்சிலைக் கூராக்கிச் சாட்சியின் குறுக்கே ஒரு விரிசல் வரைந்தேன். நடுவில் இரண்டாகக் கிளை பிரித்து, நிழல் எல்லாம் போட்டு. அவள் வந்து தலை துவட்டும்போது மெதுவாக, "லாயா... மேலே பாரு."

ஒற்றைக் காலுறையோடு தெருவில் நின்றாள். முதுகில் ஏற்கெனவே பொம்மை. தெருவே சிரித்தது. எதிர்வீட்டு ரொசாரியோ அத்தைக்கு இருமலே வந்துவிட்டது.

ஆனால் அம்மா ஓடி வந்தாள். என்னைப் பார்க்கவில்லை, லாயாவைப் பார்க்கவில்லை. நேரே சாட்சியைப் பார்த்தாள். அந்த முகத்தை நான் இதுவரை பார்த்ததில்லை. அப்புறம் கட்டிலில் ஏறி விரலால் தொட்டாள், விரலில் கரி. பளார் என்று ஒன்று விட்டாள்.

"வீட்ல எதை வேணாலும் வச்சு விளையாடு. இதை வச்சு விளையாடுவியாடி?"

அப்பா மட்டும் கதவுக்குப் பின்னால் நின்று சிரித்தார். கன்னம் இன்னும் எரிகிறது. மேதைக்கு இதெல்லாம் சகஜம்.

டிசம்பர் 29, ஞாயிறு

அழிக்கச் சொன்னார்கள். ரொட்டி உருண்டையால் தேய்த்தேன், ஈரத்துணியால் துடைத்தேன். கிளைகள் போயின. நிழல் போனது.

ஒரு கோடு போகவில்லை. முடி கனம்.

பென்சிலை அழுத்திவிட்டேனா? ஈரத்துணி பட்டு வெடித்ததா? இல்லை — வரைவதற்கு முன்பே அங்கே ஒரு கோடு இருந்து, அதன் மேலேயே நான் வரைந்தேனா? கூராக்கினது நினைவிருக்கிறது. ஏறி நின்றது நினைவிருக்கிறது. பட்டை எப்படி இருந்தது என்பது மட்டும் நினைவில்லை.

டிசம்பர் 30, திங்கள்

அப்பாவிடம் சொன்னேன். "நாள் முடிஞ்சு ரெண்டு நாளாச்சு, மகளே. அடுத்த வருஷம் வேற ஏதாவது யோசி" என்று தட்டிக் கொடுத்தார். தட்டிக் கொடுத்ததுதான் கோபம்.

அம்மாவிடம் சொன்னேன். "அது உன் கைபட்ட சாட்சி. இனி அதைப் பார்த்து எனக்கு என்ன தெரியப்போகுது?"

காலையில் அம்மா காபியோடு வரவே இல்லை. அப்போதுதான் உறைத்தது. எட்டு வருஷமாக ஒருநாள் விடாமல் பார்த்தவள், நான் வரைந்ததால் பார்ப்பதை நிறுத்திவிட்டாள். அப்படியானால் இப்போது யார் பார்க்கிறார்கள்? நான். நான் சொன்னால் யார் நம்புவார்கள்? எனக்கே என்னை நம்ப முடியவில்லையே.

டிசம்பர் 31, செவ்வாய்

லாயா தீப்பெட்டி ஒன்றைக் காட்டினாள். தலையணையில் விழும் மணலை அதில் போட்டு வைக்கிறாளாம். "மொத நாள் ஒரு சிட்டிகை. நேத்து கால் பெட்டி. இன்னிக்கு அரைப் பெட்டி. நீ போடலைதானே?"

"என் மேல சத்தியமா இல்ல."

"உன் மேல சத்தியம் பண்ணா எப்படிடி நம்புறது?"

நியாயமான கேள்வி. ஆனாலும் நம்பினாள். ஏன் என்று தெரியவில்லை. அங்கே படுப்பவள் அவள்தானே, அதனாலா?

காஸ்பர் மாமா வீட்டுக்குப் போனோம். என்னைக் கண்டதும் சுவரோடு முதுகை ஒட்டிக்கொண்டார். "என்ன, இந்தத் தடவை பொம்மையை மழைக்கோட்டுல ஒட்டப் போறியா?" சொன்னேன். முழுக்கச் சொல்ல விடவில்லை. "திருநாள் முடிஞ்சு வரேன். நீ வரைஞ்சதை நீயே பாத்துக்க."

பன்னிரண்டு மணியடிக்க, புத்தாண்டு வழக்கப்படி மணிக்கொன்றாகப் பன்னிரண்டு திராட்சை தின்றேன். பன்னிரண்டுக்கும் ஒரே வேண்டுதல்.

ஜனவரி 1, 1997, புதன்

நாங்களே ஒட்டிவிட்டோம். தொட்டிக்கு அடியில் அப்பா வைத்திருந்த பிளாஸ்டர், என் காபிக் கிண்ணத்தில் குழைத்தது. பழையதற்குப் பக்கத்தில், விரிசலின் குறுக்கே, வெள்ளையடித்த பாறையில் வெள்ளைப் பட்டை. தேதி நானே கீறினேன். கிண்ணம் பாழ்.

இனி சந்தேகமே வேண்டாம். புதுச் சாட்சி உடைந்தால் பாறை அசைகிறது. உடையாவிட்டால் தப்பு என் பென்சிலுடையது.

ஜனவரி 3, வெள்ளி

உடையவில்லை. ஒரு கீறல்கூட இல்லை. கட்டிலில் குதித்தேன். "நான்தான் அழுத்தி வரைஞ்சிருக்கேன்! நான்தான் தப்பு!" தப்பு என்னுடையது என்று இவ்வளவு சந்தோஷப்பட்டது இதுதான் முதல் தடவை.

லாயா தீப்பெட்டியைத் திறந்தாள். நிறைந்திருந்தது. "அப்ப இது?"

குதிப்பதை நிறுத்தினேன். பாறை அசையவில்லை என்றால் மணல் ஏன்? மணல் கொட்டுகிறது என்றால் பட்டை ஏன் முழுசாக இருக்கிறது? இரண்டில் ஒன்று பொய் சொல்கிறது. பொய் சொல்வது இந்த வீட்டில் என் வேலை அல்லவா?

லாயா தலையணையைக் கால்மாட்டுக்கு மாற்றிவிட்டாள்.

ஜனவரி 5, ஞாயிறு

அவசரமாக எழுதுகிறேன், எழுத்து கோணல்.

சாயங்காலம், குழந்தை இயேசுவைத் தேடி வந்த மூன்று ராஜாக்களின் ஊர்வலம். டிராக்டரில் கிரீடமும் ஒட்டுத் தாடியுமாகக் காஸ்பர் மாமா, மூவரில் தன் பெயர் கொண்ட காஸ்பர் ராஜாவாகவே. மிட்டாய் வீசிக்கொண்டு வந்தார். நான் டிராக்டர் முன்னால் போய் நின்று இரண்டு தீப்பெட்டிகளை நீட்டினேன். ராஜாவுக்குக் காணிக்கை! தெரு சிரித்தது. "கொன்சுவேலோ, அப்பாவிகள் தினம் போயிடுச்சு, இன்னும் நீ போகலையே!" என்று யாரோ கத்தினார்கள். எனக்கு ஒரு பதில் வந்திருக்க வேண்டும். எப்போதும் வருமே. வாயைத் திறந்தால் அழுகைதான் வந்தது. அதற்கும் சிரித்தார்கள். நன்றாக நடிக்கிறேனாம்.

அப்போது லாயா டிராக்டர் படியில் ஏறிவிட்டாள். "போன வாரம் இதே தெருவுல என்னை ஒத்தைச் சாக்ஸோட ஓடவிட்டவ இவ. இவளை நம்பச் சொல்லல. என்னை நம்புங்க. அந்தக் கட்டில்ல படுக்கிறது நான்."

மாமா கிரீடத்தோடே இறங்கி எங்கள் வீட்டுக்கு வந்தார். கட்டிலில் ஏறினார். பழைய சாட்சியைப் பார்த்தார், புதியதைப் பார்த்தார்.

"சுரண்டினியா?"

"எதை?"

"ஒட்டுறதுக்கு முன்னாடி வெள்ளையடிச்சதைச் சுரண்டிப் பாறையை வெளிய எடுத்தியான்னு கேக்கறேன்."

எடுக்கவில்லை. வருஷத்துக்கு இரண்டு தடவை வெள்ளையடித்துச் சுண்ணாம்பே ஒரு விரல்கனம் இருக்கிறது. அதன் மேல் ஒட்டியிருக்கிறோம். மாமா நகத்தைக் கொடுத்து நெம்பினார். என் சாட்சி பிஸ்கட் மாதிரி முழுசாக அவர் கையில் வந்தது. ஒரு பக்கம் ஒட்டு எப்போதோ விட்டிருக்கிறது. விட்டதால்தான் உடையவில்லை. கீழே பாறை நகர்ந்திருக்கிறது, மேலே அது பாட்டுக்குத் தொங்கியிருக்கிறது, என் தேதியோடு.

விரிசலுக்குள் அவருடைய சுண்டுவிரல் போனது.

ஒட்டுத் தாடியைக் கழற்றி அப்பா பக்கம் திரும்பினார். "ஹஸிந்தோ, கட்டிலை வெளிய எடு. இப்பவே. எல்லாரும் வெளிய."

அப்பா சிரிக்கவில்லை.

வாசலில் மாமாவிடம் கேட்டேன்: "அந்தப் பழைய கோடு — நான் பண்ணதா, பாறை பண்ணதா?"

"அதை எப்படிச் சொல்றது? நீதான் மேல வரைஞ்சிட்டியே."

ஜனவரி 7, செவ்வாய்

லாயா பஸ் ஏறினாள். தீப்பெட்டிகளையும் எடுத்துப் போனாள். நாங்கள் மேல்தெருவில், பள்ளிக்கூடத்து மாடியில் இருக்கிறோம். கூரை தட்டையாக இருக்கிறது. அதைப் பார்த்தால் பயமாக இருக்கிறது.

ஜனவரி 9, வியாழன்

பகல் பதினொன்று. என் கட்டில் இருந்த இடத்தில், கட்டில் அளவுக் கல்.

பிப்ரவரி 18, செவ்வாய்

வீட்டில் முட்டுக் கொடுக்கும் வேலை நடக்கிறது. கோடைக்குள் போய்விடலாம் என்கிறார்கள். கடைசி அறையைத் தவிர.

அம்மா இங்கேயும் காலையில் காபிக் கோப்பையோடு வந்து நின்று மேலே பார்க்கிறாள். மேலே ஒரு பல்புதான் இருக்கிறது. இன்று பார்த்துவிட்டு என்னிடம் கேட்டாள்: "நீ பாத்தியா?" பார்த்தேன் என்றேன். "சரி" என்று போய்விட்டாள். அவ்வளவுதான். அந்த ஒரு சொல்லை நாளெல்லாம் நினைத்துக்கொண்டிருக்கிறேன்.

மத்தியானம் லாயாவின் கடிதம். நாலாவது மாடியில் அவள் அறைக் கூரையில் ஒரு விரிசல் இருக்கிறதாம். இத்தனை வருஷமாகக் கண்ணில் படவில்லையாம். குறுக்கே சாட்சி ஒட்டித் தேதி கீறிவிட்டாளாம். "பத்து நாளாச்சு, அப்படியே முழுசா இருக்கு. இப்ப நிம்மதியாத் தூங்குறேன்."

பதில் எழுத உட்கார்ந்தேன். கிண்டலாக நாலு பக்கம் எழுதலாம்தான். கழுதையிலிருந்து தொடங்கலாம். ஒரே வரி எழுதி, உறையை ஒட்டி, கடைசித் தபால் போவதற்குள் ஓடிப்போய்ப் போட்டுவிட்டு வந்தேன்:

முதலில் பெயின்ட்டைச் சுரண்டினாயா?