அரை நாளில் முடியாத பயிற்சி

அனுப்புநர்:
மூன்றாமாண்டு இயற்பியல் மாணவன்,
ஆண்கள் விடுதி, மேல்மாடி, கடைசி அறை.

பெறுநர்:
கல்லூரி முதல்வர் அவர்கள்.

பொருள்: தற்கொலைத் தடுப்புக்கான மாணவர் பயிற்சியை இரண்டு நாளிலிருந்து அரை நாளாகச் சுருக்கியது குறித்துப் புகார்.

மதிப்பிற்குரிய ஐயா,

1. மனம் உடைந்த சக மாணவருக்குத் துணை நிற்பது எப்படி என்று சென்ற ஆண்டு நம் கல்லூரியில் இரண்டு நாள் பயிற்சி நடந்தது. முதல் நாள் வரவேற்புரை, தொடக்கவுரை, சிறப்புரை. தங்கள் உரை மிக நன்றாக இருந்தது. அதன் முதல் ஒரு மணி நேரம் குறிப்பாக. மறுநாள் காலை குழுப் புகைப்படமும் சான்றிதழும். சான்றிதழ் கைக்கு வந்ததும் அரங்கமே காலி. உண்மையான பாடம் அன்று மதியம்தான் இருந்தது.

2. என் அறைத்தோழன் மட்டும் போகவில்லை. அக்கறையால் அல்ல, தூங்கிவிட்டான். விடுதியில் அவனுக்குப் பெயரே கொட்டாவி. கண் விழித்தபோது எதிரில் மனநல ஆலோசகர் அம்மையார். "நீ ஒருத்தனாவது இருக்கியேப்பா" என்று அவர் நெகிழ்ந்துபோனதில், உண்மையைச் சொல்ல இவனுக்கு வாய் வரவில்லை. மாலை வரை தனி ஆளாகப் பாடம் கேட்டான்.

3. சில மாதம் கழித்து, முன்பே தோற்றுத் திரும்ப எழுதிய தாள்களில் மறுபடியும் தோற்றேன். சோறு இறங்கவில்லை. கேட்டவர்களிடம் வயிறு சரியில்லை என்றேன். ஆசை ஆசையாக வாங்கிய பேட்மிண்டன் மட்டையைப் பக்கத்து அறைக்காரனுக்குச் சும்மா கொடுத்தேன். சான்றிதழ் பெற்றவர்கள் சும்மா இருக்கவில்லை. ஒருவன் தினமும் என் கைப்பேசிக்குச் சூரிய உதயப் படம் அனுப்பினான். வகுப்புத் தலைவன், தோற்று ஜெயித்தவர்கள் பற்றி என் கட்டிலில் உட்கார்ந்து மூச்சு விடாமல் பேசினான். இன்னொருவன் ஒரு சீப்பு வாழைப்பழத்துடன் வந்து, நான் தின்று முடிக்கும்வரை காவல் நின்றான். எல்லாரும் தங்கமானவர்கள். என்னைப் பேசவிட்டவர்தான் ஒருவருமில்லை.

4. மட்டை கைமாறியதைக் கொட்டாவி கவனித்தான். ஆசைப்பட்ட பொருளைத் தூக்கிக் கொடுப்பது ஓர் அறிகுறி என்று மதிய வகுப்பில் கேட்டிருந்தானாம். கதவைச் சாத்திவிட்டு, "டேய், செத்துப் போயிடலாம்னு ஏதாவது தோணுதாடா?" என்று நேராகக் கேட்டான். இப்படிக் கேட்டால் அந்த எண்ணம் புதிதாக வந்துவிடும் என்று பலர் அஞ்சுகிறார்கள். ஐயா, அது ஏற்கெனவே வந்து சப்பணமிட்டு உட்கார்ந்திருந்தது. "ஆமா" என்று சொன்ன பிறகுதான் எனக்கு மூச்சே வந்தது. அவன் பதறவில்லை, அறிவுரை சொல்லவில்லை. "சொல்லு. நான் எங்கயும் போகல" என்றான். அழுது, உளறி, அழுது முடித்தேன். யாரிடமும் சொல்லாதே என்று கெஞ்சினேன். "அது மட்டும் முடியாதுடா. வா, மேடத்தைப் பாக்கலாம்" என்று செருப்பை எடுத்துக் காலடியில் போட்டான்.

5. அதற்காக அவனோடு சில நாள் பேசாமல் இருந்தேன். அதற்கு முன், ஆலோசகரிடம் போகும் வழியெல்லாம் நான் திட்டியதை அவன் பொறுமையாகக் கேட்டுக்கொண்டதாகப் பதிவு செய்கிறேன். ஆலோசகரே அம்மாவுக்குத் தொலைபேசியில் சொன்னார். அம்மா வந்து என் தலையைக் கோதி, "பரீட்சை கெடக்குது கழுதை, நீ இருடா" என்றார். சிகிச்சை தொடர்கிறது. தாள்களில் ஒன்று இன்னும் பாக்கி. பசி மட்டும் பழையபடி வந்துவிட்டது. விடுதிச் சமையல்காரர் இதுபற்றித் தனியே புகார் தரக்கூடும்.

6. இவ்வாண்டுச் சுற்றறிக்கையில் அதே மூன்று உரைகளும், புகைப்படமும் இருக்கின்றன. மதிய வகுப்பைக் காணவில்லை. எனவே பயிற்சியை முழுதாக நடத்தவும், எப்படி நேராகக் கேட்பது, எப்படிக் காது கொடுப்பது, எப்போது பெரியவர்களிடம் அழைத்துப்போவது என்பதை அனைவருக்கும் கற்றுத்தரவும், சான்றிதழைக் கடைசியில் மட்டுமே கொடுக்கவும் ஆணையிட வேண்டுகிறேன். வாழைப்பழத்துக்கு ஆட்சேபம் இல்லை.

7. கொட்டாவியும் நானும் இந்த ஆண்டோடு விடுதியை விட்டுப் போகிறோம். மேல்மாடிக்குப் புதிய மாணவர்கள் வந்துவிட்டார்கள். அவர்களில் ஒருவன் இரண்டு நாளாக வயிறு சரியில்லை என்கிறான். இந்த மனுவைத் தங்கள் அலுவலகத்தில் சேர்த்துவிட்டு நேராக அவன் அறைக்குத்தான் போகிறேன். எனக்குத் தெரிந்தது கொட்டாவியிடம் பார்த்தது மட்டுமே. மீதியைத் தாங்கள்தான் கற்றுத்தர வேண்டும்.

இடம்: விடுதி
நாள்: ஆகஸ்ட் 12

தங்கள் ஆணையை எதிர்நோக்கும் மாணவன்,
(ஒப்பம்)
மேல்மாடி, கடைசி அறை