இடக்கைப் பக்கம் சுவர்

20 ஜனவரி 2019, ஞாயிறு (தை 6)

காலை கிணற்றில் ஐம்பத்தைந்து சுற்று. சுவரை ஒட்டி ஒரு சுற்று முப்பத்தைந்து மீட்டர். நானே நாடா பிடித்து அளந்தது; நில அளவைத் துறையில் பணி முடித்தவன் அளந்ததில் ஐயத்துக்கு இடமில்லை. ஜெயம்மாள் படியில் அமர்ந்து சுற்றுக்கு ஒரு புளியங்கொட்டை எடுத்து வைத்தாள். நடுவில் பால்காரரிடம் பேசப் போனதில் கொட்டை ஒன்றோ இரண்டோ தவறியிருக்கும். ஆகவே இரண்டு சுற்று கூடுதலாக நீந்த நேர்ந்தது. நாற்பத்தோரு ஆண்டுகள் என்னுடன் வாழ்ந்தும் அவளுக்கு எண்ணிக்கை வரவில்லை.

வரும் ஜூலை 14 அன்று மரக்காணத்துக்கு அருகே போட்டி. முதலில் உப்பங்கழியில் நீச்சல். கரையேறியதும் தொண்ணூறு கிலோமீட்டர் சைக்கிள். இறங்கியதும் இருபத்தொரு கிலோமீட்டர் ஓட்டம். மூன்றையும் ஒரே நாளில், விதித்த நேரத்துக்குள் முடிக்க வேண்டும். எனக்கு வயது அறுபத்தேழு.

இது விளையாட்டுக்காக அன்று. சென்ற ஐப்பசியில் கல்வராயன் மலை ஏற்றத்தில் சைக்கிளோடு மயங்கி விழுந்து, விறகு சுமந்து வந்தவர்கள் என்னைத் தூக்கி வந்தது முதல், சென்னையிலிருக்கும் என் மகன் பொன்னுரங்கம் ஒரே பாட்டாகப் பாடுகிறான். கடைசியில் தொலைபேசியிலேயே ஒப்பந்தம் ஆயிற்று. "முடிச்சிட்டீங்கன்னா நான் அதுக்கப்புறம் வாயே தெறக்க மாட்டேன்பா. முடிக்கலன்னா நெலத்த சித்தப்பாகிட்ட வுட்டுட்டு அம்மாவ கூட்டிக்கினு இங்க வந்துடணும்." ஒப்புக்கொண்டேன். இந்த வீட்டை விட்டு நான் போவதில்லை.

கரையேறும்போது தம்பி கந்தசாமி மோட்டார் கொட்டகை அருகில் நின்றிருந்தான். "அண்ணா, நீ நீந்தறதப் பத்தி ஒண்ணு சொல்லணும்" என்று தொடங்கினான். பத்தாம் வகுப்பைத் தாண்டாதவன். தண்ணீரைப் பற்றி ஏதேனும் இருந்தால் பேசு, நீச்சலைப் பற்றி உன்னைக் கேட்கவில்லை என்று சொல்லி அனுப்பினேன்.

3 பிப்ரவரி 2019, ஞாயிறு

கச்சிராயபாளையம் – கள்ளக்குறிச்சி – தியாகதுருகம் – உளுந்தூர்பேட்டை, அதே வழியில் திரும்பல். எதிர்காற்று. உளுந்தூர்பேட்டைத் தேநீர்க் கடையில் என் சைக்கிள் உடையைப் பார்த்து ஒரு லாரி ஓட்டுநர், "இன்னா பெருசு, அவசரத்துல வேட்டிய வூட்லயே வுட்டுட்டியா?" என்றான். கடையே சிரித்தது. தேநீரில் சர்க்கரை போடாதே என்று இருமுறை சொல்லியும் போட்டிருந்தார்கள். அதைத் திருப்பிக் கொடுத்தேன்.

12 மார்ச் 2019, செவ்வாய் (மாசி 28)

இன்று காலை ஆறு மணிக்கு என் முறை தொடங்கியது.

கிணறு எங்கள் இருவருக்கும் பொது. ஆறு நாள் எனக்கு, ஆறு நாள் கந்தசாமிக்கு. பாகப்பிரிவினையன்று நானே வகுத்த ஏற்பாடு. என் பக்கம் தென்னை மட்டும். அதற்கு என் முறையில் ஒரு மணி நேரம் மோட்டார் ஓடினால் போதும். அவன் பக்கம் இரண்டரை ஏக்கர் கரும்பு. மழை பொய்த்ததால் அவனுடைய ஆழ்துளைக் குழாயில் தண்ணீர் இல்லை.

மாலையில் வந்தான். "அண்ணா, உன் மொறையில தண்ணி சும்மாதான நிக்குது. ரெண்டு நாள் எனக்கு வுடு. கரும்பு தோகை சுருண்டுக்கினு இருக்குது."

சும்மா நிற்கவில்லை, நான் நீந்துகிறேன் என்றேன். நீர்மட்டம் இறங்கினால் கிணற்றின் அடிப்பாறைகள் தலைகாட்டும். சுவரை ஒட்டி நீந்த இயலாது.

"நீந்தறதுக்கா?" என்றான். மறுபடியும், "நீந்தறதுக்காண்ணா?"

ஒரே கேள்வியை இருமுறை கேட்பது அவனுடைய பழக்கம்.

24 மார்ச் 2019, ஞாயிறு

கோமுகி அணையில் ஒருநாள் நீந்திப் பார்க்கலாம் என்று போனேன். காவலாளி இறங்க விடவில்லை. "போன மாசம்தான் ஒரு பாடிய எடுத்தோம். வயசான காலத்துல எங்களுக்கு வேல வெக்காத, போ பெரியவரே." திரும்பினேன். நீச்சல் குளம் இருக்கும் ஊருக்கு வந்து பழகச் சொல்கிறான் பொன்னுரங்கம். மருந்து கலந்த நீரில் ஊரார் எல்லாரும் ஊறும் இடத்தில் நான் இறங்க மாட்டேன். கிணறு போதும்.

12 ஏப்ரல் 2019, வெள்ளி

கந்தசாமியின் முறையில் இரண்டாம் நாள். நேற்று விடிந்தது முதல் அவன் மோட்டார் நிற்கவே இல்லை. காலையில் போய்ப் பார்த்தால் பாறைகள் தெரிகின்றன. நாற்பது சுற்றில் முழங்காலைச் சிராய்த்துக்கொண்டு ஏறினேன். போட்டிக்கு மூன்று மாதம் இருக்கையில் பன்னிரண்டு நாளில் ஆறு நாள் நீச்சல் இல்லை என்றால் என்ன பயிற்சி அது?

அப்போதுதான் அம்புக்குறி நினைவுக்கு வந்தது. பிரிவினையின்போது, கோடையில் ஊற்றுக்கண் தூர்ந்துவிடக் கூடாதென்று, தென்புறச் சுவரில் ஒரு கல்லில் அம்புக்குறி பொறித்தேன். அந்தக் குறிக்குக் கீழே தண்ணீர் இறங்கினால் யார் முறையாக இருந்தாலும் மோட்டாரை நிறுத்த வேண்டும். இருவரும் ஒப்புக்கொண்டது. இத்தனை ஆண்டுகளில் ஒருவரும் அதைப் பொருட்படுத்தவில்லை; நானுங்கூட. ஆனால் பொருட்படுத்தாததால் விதி இல்லாமற் போய்விடாது.

கந்தசாமியை அழைத்துக் காட்டினேன். பாசியைச் சுரண்டினால் குறி தெளிவாகவே இருந்தது. தண்ணீர் அதற்கு மூன்றடி கீழே.

அவன் குறியைப் பார்க்கவில்லை. என் முகத்தையே பார்த்தான். பிறகு போய் மோட்டாரை நிறுத்தினான். நான் கேட்டது எந்த ஏற்பாட்டுக்கும் புறம்பானதன்று.

18 ஏப்ரல் 2019, வியாழன் (சித்திரை 5)

வாக்குப்பதிவு. பள்ளிக்கூடத்தில் நீண்ட வரிசை. பெண்கள் வரிசையிலிருந்து கந்தசாமியின் மனைவி தைலம்மாள் என்னைப் பார்த்துவிட்டாள். பொது இடம் என்றும் பாராமல் குரலை உயர்த்தினாள்.

"இன்னா மாமா, இன்னைக்கி நீச்சல் லீவா? போயி நீந்துங்க. உங்க மொற எங்க மொற எல்லாம் உங்க மொறதான இப்ப. கெணத்துத் தண்ணி உங்க முதுகு நனையறதுக்குத்தான் ஊறுது. எங்க கரும்பு காஞ்சா காயட்டும்!"

வரிசையில் சிலர் சிரித்தார்கள். சிலர் என் கால்களைப் பார்த்தார்கள். ஓடி ஓடி மெலிந்த கால்கள்.

"ஒரு தண்ணி மாமா. ஒரே ஒரு தண்ணி கட்டிட்டா பயிர் பொழைச்சிக்கும். கேக்க வெக்கமாத்தான் இருக்குது, கேக்கறேன்."

குறிக்கு மேல் நீர் ஏறட்டும், கட்டிக்கொள்ளுங்கள் என்றேன். கத்திரி வெயில் முடியும்வரை அது ஏறாதென்று அவளுக்கும் தெரியும், எனக்கும் தெரியும். மையிட்ட விரலோடு வீடு வந்தேன். இரவு ஜெயம்மாள் சோற்றை வைத்துவிட்டு, "அவ கண்ணுல தண்ணி வந்துச்சுங்க" என்றாள். நான் சாப்பிட்டுக்கொண்டிருந்தேன்.

5 மே 2019, ஞாயிறு

கந்தசாமி கரும்பை வெட்டிவிட்டான். ஆலைக்கு அன்று, மாடுகளுக்கு. மாடுகளும் முழுதாகத் தின்னவில்லை என்று கேள்வி.

இன்று என் நீச்சல் இதுவரை இல்லாத வேகம்.

7 மே 2019, செவ்வாய்

ஜெயம்மாள் இனிக் கொட்டை எண்ண வரமாட்டாளாம். காரணம் கேட்டேன். "எனக்குத்தான் எண்ணத் தெரியாதே" என்றாள்.

16 ஜூன் 2019, ஞாயிறு

ஒரு மாதத்துக்கு மேலாக நானே நீந்தி நானே எண்ணியதில் கணக்குக் குழம்பிக்கொண்டே வந்தது. இன்று காலை எதிர்பாராத ஒன்று நடந்தது. கந்தசாமி வந்து படியில் உட்கார்ந்தான். கொட்டைகளை மடியில் கொட்டிக்கொண்டான்.

"நீ நீந்துண்ணா. நான் எண்ணறேன். வயல்ல எனக்கு இப்ப இன்னா வேல?"

ஒரு கொட்டைகூடத் தவறவில்லை. முழு நேரமும் கண்ணெடுக்காமல் என்னையே பார்த்திருந்தான். மூச்சுக்காக நான் இடப்பக்கம் முகம் திருப்பும்போதெல்லாம் சுவர், சுவர் முடியும் படிக்கட்டில் அவன் முகம், மறுபடி சுவர். கரையேறியதும் துண்டை எடுத்து நீட்டினான். "எப்டிடா இருக்கு?" என்று நானே கேட்டேன், அவனிடம் நான் கேட்கும் வழக்கமில்லாத கேள்வி.

"சூப்பரா சுத்தறண்ணா" என்றான்.

சின்ன வயதில் இதே கிணற்றில் இருவரும் குதித்தவர்கள்தாமே. பயிர் போனது போயிற்று. இரத்தம் இரத்தத்தை அறியும் என்று நினைத்துக்கொண்டேன். அவன் தினமும் வருவதாகச் சொல்லியிருக்கிறான்.

12 ஜூலை 2019, வெள்ளி

சைக்கிளும் நானும் மரக்காணம் வந்து சேர்ந்தோம். பொன்னுரங்கம் சென்னையிலிருந்து வந்துவிட்டான். ஜெயம்மாளைக் கந்தசாமி பேருந்தில் அழைத்து வருகிறான். தானே முன்வந்து கேட்டான்.

15 ஜூலை 2019, திங்கள்

நேற்றைய நாளை நேற்றே எழுத முடியவில்லை.

காலையில் உப்பங்கழி அலையில்லாமல் கிடந்தது. நடுவில் ஆரஞ்சு நிற மிதவைகள், ஒன்றன்பின் ஒன்றாக. அவற்றை நோக்கி நேராகப் போய்த் திரும்ப வேண்டும். அவ்வளவுதான். ஊதல் ஒலித்ததும் இறங்கினேன். கை கால் எல்லாம் சொன்னபடி கேட்டன. மூச்சுக்கு இடப்பக்கம் திரும்பினேன் —

சுவர் இல்லை. தண்ணீர், தண்ணீர், அதற்கப்பால் எங்கோ ஒரு கரை. மறுபடி திரும்பினேன். சுவரு எங்க போச்சு? எதுக்கு ஒட்டி நீந்தறது?

தலையைத் தூக்கிப் பார்த்தபோது மிதவை எனக்கு இடப்பக்கம் வெகுதூரத்தில் இருந்தது. திருத்திக்கொண்டு நீந்தினேன். மறுபடி பார்த்தேன்; இன்னும் இடப்பக்கம். படகில் வந்த காவல் பையன், "ஐயா, லெஃப்ட்ல வாங்க! லெஃப்ட்ல!" என்று கத்தினான். இடப்பக்கம்தானே போகிறேன், அதைத்தானே செய்கிறேன்? கைகள் என் சொல்லைக் கேட்கவில்லை. இடக்கை இழுக்கும் இழுப்பில் உடம்பு வலப்பக்கமே வளைந்தது. ஒருமுறை மீனவர்கள் ஊன்றிய வலைக்கம்புகளில் போய் முட்டினேன். இன்னொருமுறை கரை நெருங்கிவிட்டதென்று மகிழ்ந்து நிமிர்ந்தால், அது நான் புறப்பட்ட கரை.

முப்பத்தோரு ஆண்டு கோடு போட்டவன். கல்லுக்குக் கல் நூல் பிடித்தவன். என்னால ஒரு நேர்கோட்டுல போவ முடியலையே —

நேரம் முடிந்ததும் படகில் ஏற்றினார்கள். சைக்கிள்கள் தொங்கிய கம்பியில் எல்லாம் போய்விட்டிருந்தன, என்னுடையது மட்டும் தொங்கியது. சக்கரத்துக் காற்றைக்கூட அன்று காலைதான் சரிபார்த்திருந்தேன்.

பொன்னுரங்கம் துண்டைப் போர்த்தினான். "போதும்பா. வுடுங்க." அதற்குமேல் அவன் எதுவும் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

கந்தசாமி அருகில் வந்து குந்தினான். மெதுவாக, எனக்கு மட்டும் கேட்கும்படி சொன்னான்.

"தை மாசமே சொல்ல வந்தேண்ணா. வட்டக் கெணத்துல ஒரே பக்கமா சுத்திப் பழகுன கை நேரா போவாது. சின்ன வயசுல வெள்ளம் வந்தப்ப கோமுகி ஆத்துல எறங்கி நானே அப்டித்தான் வளைஞ்சி வளைஞ்சி பொறப்பட்ட கரைக்கே வந்தேன். மாத்தி மாத்திச் சுத்துண்ணா, ஒரு நாள் சோத்தாங்கைப் பக்கம் செவுரு இருக்கட்டும்னு சொல்லத்தான் வந்தேன். நீச்சலப் பத்தி உன்ன கேக்கலன்னு சொல்லிட்ட."

"அப்பறமாவது சொல்லியிருக்கலாமேடா. தெனமும் ஒக்காந்து எண்ணினியே."

"அப்பறம் கரும்பு காஞ்சிபோச்சுண்ணா" என்றான்.

எழுந்து போனான். ஜெயம்மாள் மர நிழலில் அவனுக்காகப் புளிச்சோற்றுப் பொட்டலத்தைப் பிரித்து வைத்திருந்தாள். அவள் என்னைப் பார்த்தாள். பிறகு அவனுக்கு ஊறுகாய் வைத்தாள். அவளுக்கும் தெரிந்திருந்ததா? கேட்கவில்லை. கேட்டால் சொல்லிவிடுவாள்.

கந்தசாமி செய்தது எந்த ஏற்பாட்டுக்கும் புறம்பானதன்று. இராத்திரி முழுவதும் தேடிப் பார்த்துவிட்டேன்.

11 ஆகஸ்ட் 2019, ஞாயிறு

சாமான்கள் ஏற்றியாயிற்று. நிலமும் தென்னையும் இன்று முதல் கந்தசாமியின் பொறுப்பு. சாவியைத் தைலம்மாள் வாங்கிக்கொண்டாள். "தண்ணி குடிச்சிட்டுப் போங்க மாமா" என்று ஒரு செம்பு நிறையக் கொண்டுவந்து நீட்டினாள். கிணற்றுத் தண்ணீர். அவள் பார்த்துக்கொண்டே நின்றதால் முழுவதும் குடிக்க வேண்டியதாயிற்று.

27 அக்டோபர் 2019, ஞாயிறு, தீபாவளி

மகனுடைய அடுக்ககம், ஏழாம் மாடி. இரண்டு நாளாக மழை.

கந்தசாமி ஜெயம்மாளின் கைப்பேசிக்குக் கூப்பிட்டு வாழ்த்துச் சொன்னான். பேசி முடித்து ஒரு படமும் அனுப்பினான். "அண்ணன்கிட்ட காட்டுங்கண்ணி. இப்ப வந்தா நல்லா நீந்தலாம்னு சொல்லுங்க" என்றானாம். பார்த்தேன். கிணறு மேல் படிவரை நிறைந்திருக்கிறது. அதற்கப்பால் புதிதாக நட்ட கரும்பு, என் பக்கத்திலும்தான். தென்னைகள் இல்லை. அம்புக்குறி நீருக்குள் எங்கோ இருக்க வேண்டும்.

கணக்குப்படி நேற்று காலை ஆறு மணிக்கு என் முறை தொடங்கிவிட்டது.

மாலையில் மழை விட்டதும் கீழே நடக்கப் போனேன். இந்தக் கட்டடத்தைச் சுற்றி ஒரு நடைபாதை போட்டிருக்கிறார்கள். மூன்று சுற்று முடிந்த பிறகுதான் கவனித்தேன்: மதிற்சுவர் என் இடக்கைப் பக்கம் இருந்தது. நின்றேன். திரும்பி மறுபக்கமாக நடக்கலாமா என்று யோசித்தேன். பிறகு அப்படியே நடந்தேன்.